பதினோராம் விரிசல்

மாதத்தின் முதல் செவ்வாய்.
சாவிக்கொத்து, தலைவிளக்கு, பேரேடு.
இருநூற்றுப் பதினாறு படிகள்;
இரண்டு தோளும் சுவரில் உரசும் அகலம்.
இதைச் செதுக்கியவர்கள் என்னைவிடச் சிறிய உடம்புக்காரர்கள்,
அல்லது நாங்கள்தான் அதிகம் தின்கிறோம்.

வால்ரிசிக்கு வருகிறவர்கள்
கீழே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து
வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது அதன் முதுகு:
கூரைக்கும் வளைவுக்கும் இடைப்பட்ட இருட்டில்
புளித்து உப்பிய மாவுபோல் கல்,
புறா எச்சம்,
யாரோ கொத்தன் விரலால் காரையில் கிழித்த
அரைகுறை மீன்.

ஆயர் கோந்தியே உயரம் கேட்டார்.
பக்கத்து ஊர்ப் பேராலயத்தைவிட
நான்கு முழம் கூடுதல்.
காரணம் கேட்டவர்களுக்கு
கடவுள் என்று சொன்னார்.
பணம் கொடுத்தவர்கள் நீலச்சாய வணிகர்கள்.
வடக்குச் சாளரத்தின் கீழ்மூலையில்
முழங்கை வரை நீலமாய் ஒருவன்
தொட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கிறான் இன்னும்.
அவன் தலைக்கு மேலே நாற்பது புனிதர்கள்.
காலை பத்து மணிக்கு
வெயில் முதலில் தொடுவது அவன் கையை.

எனார் என்ற தலைமைக் கொத்தன்
கணக்கு தெரிந்தவன்தான்.
வட்ட வளைவு பாரத்தை விலாவில் தள்ளும்,
கூர்வளைவு அதைக் காலுக்கு இறக்கும்;
அப்படியும் அடங்காத தள்ளலை
வெளியே மழையில் நிற்கும் உதைகால்கள்
கை நீட்டி வாங்கிக்கொள்ளும்.
சுவருக்குச் சுமை இல்லை, ஆகவே
சுவரே வேண்டாம், கண்ணாடி போதும்.
தவறு எங்கே என்றால்
தூண்களுக்கிடையே அவன் விட்ட இடைவெளி.
அழகாக இருந்தது.

ஒரு நவம்பர் இரவு, எட்டு மணிக்கு,
பலிபீடத்துக்கு மேலிருந்த வானம் முழுதும் இறங்கியது.
கோவில் கணக்கில் ஒரே வரி:
மணி இரண்டு, மெழுகுத்திரி பதினொன்று, நாய் ஒன்று.
நாயின் பெயரை எழுதவில்லை.

நாற்பது வருடம் திரும்பக் கட்டினார்கள்.
ஒவ்வொரு இரு தூணுக்கும் நடுவே
ஊன்றுகோலாய் இன்னொரு தூண்.
பிறகு போர், பிறகு கொள்ளைநோய்,
பிறகு நீலத்தின் விலை வீழ்ந்தது.
நடுக்கூடம் கட்டப்படவே இல்லை.
மேற்கே பலகை அடித்து
மேலே கற்பலகை ஓடு பதித்த மறைப்புக்கு
அன்றைய கணக்கன் இட்ட பெயர் "தற்காலிகச் சுவர்".
ஐந்நூறு வருடமாக
அதே தலைப்பில்தான் பழுதுபார்ப்புச் செலவு எழுதுகிறோம்.

விரிசல்கள் பதினொன்று.
முன்பு இரு கரையையும் சேர்த்துக் கண்ணாடித் துண்டு ஒட்டுவார்கள்,
உடைந்தால் கல் நகர்ந்திருக்கிறது.
பிறகு பித்தளை அளவுகோல், இப்போது முள் வைத்த கருவி.
குளிரில் திறக்கும், கோடையில் மூடும்,
கட்டடம் வருடத்துக்கு ஒருமுறை மூச்சு விடுகிறது என்பார் பாதிரியார்.
எனக்கு அது வெறும் வெப்பம்.

பேரேட்டைப் பின்னோக்கிப் புரட்டினால்
ஐம்பத்தொன்று முதல் அறுபத்துமூன்று வரை
அல்ஃபோன்ஸ் துர்பியேவின் கையெழுத்து.
அழகான எண்கள். பதினோராம் விரிசல்:
மாதாமாதம், தைப்பனியிலும் ஆடி வெக்கையிலும்,
அதே ஒன்று புள்ளி நான்கு.
அவர் மகளைச் சந்தையில் கேட்டேன்.
கேரட்டைத் தராசில் வைத்தபடியே சொன்னாள்:
"அப்பாவுக்கு உயரம் என்றால் பயம்.
இருபதாவது படியில் உட்கார்ந்து
ஒரு சிகரெட் பிடித்துவிட்டு இறங்கிவிடுவார்."

பன்னிரண்டு வருடம்
இந்த உயரம் யாரும் பார்க்காமலே நின்றது.

சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.
போன பிப்ரவரியில் முழங்கால் வீங்கியிருந்தது,
வீட்டில் யூகோ பேசாமல் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான்.
ஜனவரியின் எண்ணையே
பிப்ரவரிக்கும் எழுதினேன்,
கையெழுத்தைக்கூட மாற்றாமல்.

இன்று ஏறியிருக்கிறேன்.
காற்று உதைகால்களுக்கிடையே
பாட்டில் வாயில் ஊதுவதுபோல் ஊளையிடுகிறது.
பதினொன்று: ஒன்று புள்ளி ஒன்பது.
இரண்டு முறை பார்த்தேன்.
அதற்குக் கையளவு கீழே
மயிரிழைபோல் ஒன்று,
சிலந்தி நூல் என்று ஊதினேன்,
அசையவில்லை.

அதற்கு இன்னும் எண் கிடையாது.
விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
பென்சிலைச் சீவுகிறேன்.